பள்ளிக்குப் பள்ளி மாறும் பகலுணவு

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் முன்னோர் வாக்கு. ஒரு பானையைப் பொறுத்தவரை அது முற்றிலும் உண்மை. ஆயின், ஓர் ஊராட்சி ஒன்றியத்திலுள்ள சத்துணவு மையங்கள் அனைத்துக்கும் ஒரு மையம் பதமாகாது. அரசு அளிக்கும் அரிசி ஒன்றே; உணவுப் பட்டியலும் ஒன்றே. அவ்வாறிருந்தும் ஒரு பள்ளியில் குழந்தைகள் தட்டை வழித்து உண்கின்றனர். நான்கு கிலோமீட்டர் தள்ளியுள்ள மற்றொரு பள்ளியில் பாதிச் சோறு மண்ணுக்குப் போகின்றது. இந்த வேற்றுமை எங்ஙனம் உண்டாகின்றது, அதனைக் குறைப்பதற்கு ஊராட்சி உறுப்பினர்களும் உழவர் பெருமக்களும் என்ன செய்யக் கூடும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரே நாளில் கண்ட இரு காட்சிகள்

சில காலத்துக்கு முன்பு, ஒரே நாளில் இரண்டு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளைப் பார்வையிட நேர்ந்தது. ஒன்று ஆற்றுக்கு இக்கரையிலும், மற்றொன்று அக்கரையிலும் உள்ளன. இரண்டிலும் அன்று சோறு, சாம்பார், முட்டை.

இக்கரைப் பள்ளியில் சாம்பாரின் மணம் வாயிலிலேயே வரவேற்றது. முருங்கைக்காய், கத்தரிக்காய், கேரட் ஆகிய மூன்றும் அதில் இருந்தன. குழந்தைகள் வரிசையாக அமர்ந்து உண்டனர். பலர் இரண்டாம் முறை கேட்டு வாங்கினர். உண்டு முடிந்தபின் தட்டுகளில் கறிவேப்பிலையைத் தவிர வேறொன்றும் எஞ்சவில்லை.

அக்கரைப் பள்ளியை அடைந்தபோது அங்கும் பரிமாறிக்கொண்டிருந்தனர். சாம்பார் நீர்த்திருந்தது. பூசணித் துண்டுகள் சில அடியில் கிடந்தன. குழந்தைகள் முட்டையை எடுத்து உண்டுவிட்டு, சோற்றில் பெரும்பகுதியை வேப்பமரத்தின் அடியில் கொட்டினர். இரண்டு நாய்கள் அங்கே முன்னரே வந்து படுத்திருந்தன. அவை அன்று மட்டும் வந்தவை அல்ல என்பது பார்த்த மாத்திரத்தில் விளங்கியது. ஏன் கொட்டுகிறாய் என்று ஒரு சிறுமியைக் கேட்டேன். "முட்டை மட்டும் போதும், ஐயா" என்றாள்.

பதிவேடுகளை எடுத்துப் பார்த்தேன். அரிசி இருப்பு, பருப்பு இருப்பு, எண்ணெய் இருப்பு, வருகைக் கணக்கு, முட்டைக் கணக்கு யாவும் பிழையின்றி இருந்தன. முந்தைய பார்வைகளின்போது நான் இட்ட கையொப்பங்களும் இரண்டு இடங்களில் இருந்தன. கணக்கைச் சரிபார்த்தேனேயன்றி, தட்டைச் சரிபார்க்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. உண்ணப்படாத உணவு, கணக்கில் உண்ணப்பட்டதாகவே எழுதப்படும். ஆதலின், பதிவேட்டைக் கொண்டு பள்ளிகளுக்கிடையே உள்ள வேற்றுமையை அறிய இயலாது.

இத்திட்டம் வளர்ந்த வரலாறு

பள்ளிகளில் உணவளிக்கும் பணி தமிழகத்தில் இன்று நேற்றுத் தோன்றியதன்று. சர் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சியின் தலைவராயிருந்த காலத்தில், 1920-ஆம் ஆண்டில், ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளியில் பகலுணவு தொடங்கப்பெற்றது. மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் செலவிட அன்று முடிவு செய்யப்பட்டது. பின்னர் மேலும் சில மாநகராட்சிப் பள்ளிகளுக்கும் அது விரிந்தது.

நாட்டுப்புறப் பள்ளிகளுக்கு இத்திட்டத்தைக் கொணர்ந்த பெருமை முதலமைச்சர் காமராசரைச் சாரும். கல்வித் துறையின் இயக்குநராயிருந்த நெ. து. சுந்தரவடிவேலு அவர்களின் உழைப்பும் துணைநிற்க, 1956-ஆம் ஆண்டில் எட்டயபுரத்தில் பகலுணவுத் திட்டம் தொடங்கப்பெற்றது. தொடக்கத்தில் அது ஊராரின் கொடையாலேயே நடைபெற்றது. சிலர் நெல் அளந்தனர். சிலர் விறகு கொடுத்தனர். காய்கறி விளைத்தோர் காய்கறி கொடுத்தனர். 1957-இல் அரசும் செலவில் பங்கேற்று, உணவொன்றுக்கு 6 நயா பைசா வீதம் வழங்கத் தொடங்கியது. எஞ்சிய செலவு ஊராரைச் சார்ந்ததாயிற்று. செழிப்பான ஊர்ப் பள்ளியில் நல்லுணவும், வறண்ட ஊர்ப் பள்ளியில் எளிய உணவும் கிடைத்தமை அக்காலத்தில் இயல்பே.

1982-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் நாள், முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அவர்கள் திருச்சிராப்பள்ளி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அது முதல் முழுச் செலவையும் அரசே ஏற்றது. அமைப்பாளர், சமையலர், சமையல் உதவியாளர் என மையந்தோறும் பணியாளர் அமர்த்தப்பெற்றனர். 1984-இல் பத்தாம் வகுப்பு வரையில் இத்திட்டம் நீட்டிக்கப்பட்டது. 1989-இல் இரு வாரங்களுக்கு ஒரு முட்டை என்று தொடங்கி, 2010-இல் வாரத்துக்கு 5 முட்டை என்னும் நிலையை எய்தினோம். முட்டை உண்ணாத குழந்தைகளுக்கு வாழைப்பழம் அளிக்கப்படுகின்றது. 2013-இல் முன்னோட்டமாகத் தொடங்கி, பின்னர் மாநிலம் முழுவதும் பரவிய கலவைச் சாதத் திட்டத்தில் 13 வகைச் சாதங்களும் 4 வகை முட்டை மசாலாக்களும் வகுக்கப்பட்டன. காய்கறி பிரியாணி, கொண்டைக்கடலைப் புலவு, தக்காளிச் சாதம், எலுமிச்சைச் சாதம், புளிச் சாதம், கீரைச் சாதம் முதலியன அவற்றுட் சில. 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கிய காலைச் சிற்றுண்டித் திட்டம், 2023-இல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும், 2024-இல் ஊரகப் பகுதிகளிலுள்ள உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது.

இவ்வரலாற்றை இங்கே எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. அன்று பள்ளிக்குப் பள்ளி உணவு மாறுபட்டதற்கு ஊரின் வறுமை காரணமாயிருந்தது. இன்றோ பணமும் பொருளும் அரசினுடையவை. ஆதலால் இன்று காணும் வேற்றுமைக்கு வறுமையைக் காரணம் காட்டுதல் பொருந்தாது. வேறு காரணங்களைத் தேடியாக வேண்டும்.

வேற்றுமையால் விளையும் இழப்பு

"வயிறு நிறைந்தால் போதாதோ? சாம்பார் சற்று நீர்த்திருந்தால் என்ன குறை?" என்று சிலர் வினவக் கூடும். அவர்களுக்காகச் சிறு கணக்கொன்றைக் கூறுகிறேன்.

தொடக்கப் பள்ளிக் குழந்தை ஒன்றுக்கு நண்பகல் உணவில் 450 கலோரி ஆற்றலும் 12 கிராம் புரதமும் கிடைத்தல் வேண்டும் என்பது ஒன்றிய அரசின் விதி. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை பயில்வோர்க்கு இது 700 கலோரி, 20 கிராம் புரதம் ஆகும். 100 கிராம் அரிசியில் ஏறக்குறைய 350 கலோரி உண்டு. புரதமோ 7 கிராம் அளவுதான். 20 கிராம் பருப்பு சற்றேறக்குறைய 4 கிராம் புரதமும், ஒரு முட்டை 6 கிராம் புரதமும் தரும். காய்கறியும் கீரையும் இரும்புச் சத்தையும் உயிர்ச்சத்துகளையும் நல்குவன.

எனவே, வெறுஞ் சோற்றால் வயிறு நிறையும், உடல் வளராது. பருப்பும் காயும் குறைந்த பள்ளியின் குழந்தைக்கும், அவை நிறைந்த பள்ளியின் குழந்தைக்கும் உள்ள வேற்றுமை பசியில் புலப்படுவதன்று. குருதியிலும் வளர்ச்சியிலும் மெல்லமெல்லப் புலப்படும். 2019–21 ஆண்டுகளில் நிகழ்ந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் 57 விழுக்காட்டினர் குருதிச் சோகை உடையவர்கள். அக்குழந்தைகளே நம் தொடக்கப் பள்ளிகளுக்கு வருகின்றனர். வகுப்பில் உறங்கி விழும் குழந்தையைச் சோம்பேறி என்று கடிந்துகொள்வதன் முன்பு, அது உண்ட தட்டை ஒரு முறை எண்ணிப் பார்த்தல் நலம்.

அன்றியும், வசதியுள்ள வீட்டுக் குழந்தை பள்ளியில் சோற்றைக் கொட்டினாலும் மாலையில் வீட்டில் உண்ணும். கூலி வேலைக்குச் சென்ற பெற்றோரின் குழந்தைக்கு அவ்வாறன்று. அதற்கு நாளின் பெரிய உணவே பள்ளியுணவுதான். ஆகவே, சுவை கெட்ட உணவால் முதலில் துன்புறுவது ஏழைக் குழந்தையே.

வேற்றுமைக்குரிய காரணங்கள்

முதற் காரணம், பள்ளியின் அளவு. இதனைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அரிசி, பருப்பு, எண்ணெய், முட்டை ஆகியவை பொருளாகவே மையத்துக்கு வருகின்றன. காய்கறி, தாளிதப் பொருள்கள், விறகு ஆகியவற்றை அமைப்பாளர் வாங்குதல் வேண்டும். இதற்குரிய தொகை தலைக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படுகின்றது. குழந்தைக்கு 50 கிராம் காய்கறி என்று கொண்டால், 200 குழந்தைகள் உள்ள பள்ளிக்கு 10 கிலோ காய்கறி வேண்டும். அமைப்பாளர் சந்தைக்குச் சென்று ஐந்து வகைக் காய்களை மலிவாக வாங்கி வரலாம். 18 குழந்தைகள் மட்டுமே உள்ள பள்ளிக்கோ 900 கிராம் காய் போதும். அதற்காக யார் பேருந்தேறிச் சந்தைக்குச் செல்வார்? அருகிலுள்ள பெட்டிக் கடையில் அன்று எது கிடைக்கிறதோ அதுவே சாம்பாரில் விழும்; அதன் விலையும் சந்தை விலையினும் மிகுதி. மேலும், குழந்தைகளின் எண்ணிக்கை பத்தில் ஒன்றாகக் குறைந்தால் விறகுச் செலவும் பத்தில் ஒன்றாகக் குறைந்துவிடுவதில்லை. ஆகவே, தலைக்கு ஒரே தொகை என்பது பார்வைக்குச் சமமாகத் தோன்றினும், சிறிய பள்ளிக்கு அது குறைவாகவே முடிகின்றது. அக்கரைப் பள்ளி இத்தகைய சிறு பள்ளியே ஆகும்.

இரண்டாம் காரணம், பணியாளர் பற்றாக்குறை. ஓர் அமைப்பாளர் ஓய்வு பெற்றால், அவ்விடம் நிரப்பப்படும் வரையில் பக்கத்து மையத்தின் அமைப்பாளரே அதனையும் கூடுதலாகக் கவனிக்கின்றார். ஒருவர் இரண்டு மூன்று மையங்களுக்கு நடக்கும்போது, எந்த மையத்திலும் உலை கொதிக்கும் வேளையில் அவர் அருகில் இருப்பதில்லை. சமையலர் இல்லாத மையத்தில் உதவியாளரே அரிசி களைந்து, காய் நறுக்கி, சமைத்து, பரிமாறி, பாத்திரமும் துலக்க வேண்டியுள்ளது. அவரிடம் கைப்பக்குவத்தை எதிர்பார்த்தல் நியாயமன்று.

மூன்றாம் காரணம், தண்ணீரும் சமையலறையும். குழாய் அருகிலிருந்தால் அரிசியும் காயும் நன்கு கழுவப்படும். குடம் சுமந்து வர வேண்டுமெனில், கழுவும் நீர் குறையும். கூரை ஒழுகும் சமையலறையில் விறகு நனையும். நனைந்த விறகு புகையும். புகையில் சமைப்பவர் விரைவில் வேலையை முடித்து வெளியேறவே விழைவார். வேகாத பருப்பும் குழைந்த சோறும் பெரும்பாலும் இவ்விதமே பிறக்கின்றன.

நான்காம் காரணம், பொருள்களைப் பாதுகாக்கும் முறை. தரையில் நேரே அடுக்கிய மூட்டை ஈரம் உறிஞ்சும், வண்டு விழும், எலி கடிக்கும். ஒரே கிடங்கிலிருந்து ஒரே நாளில் வந்த அரிசியே ஒரு மையத்தில் நன்றாகவும், மற்றொரு மையத்தில் மக்கல் நாற்றத்துடனும் இருப்பதை நான் கண்டுள்ளேன். புதிய மூட்டையை முன்னே வைத்துப் பழைய மூட்டையைப் பின்னே தள்ளும் வழக்கமும் இத்தகைய கேட்டுக்குக் காரணமாகும்.

ஐந்தாம் காரணம், பருவம். தை, மாசி மாதங்களில் காய்கறி மலிந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தக்காளியும் வெங்காயமும் விலையேறும். வழங்கப்படும் தொகையோ மாதந்தோறும் ஒன்றே. தோட்டக்கால் நிலம் சூழ்ந்த ஊரில் இக்குறை அவ்வளவாகத் தோன்றாது. மானாவாரி ஊரில் மழைக்காலச் சாம்பாரைக் கண்டே மாதத்தைச் சொல்லிவிடலாம்.

ஆறாம் காரணம், கேட்பார் இன்மை. இதுவே தலையாயது என்று கருதுகிறேன். ஊரில் செல்வாக்குள்ளோர் தம் குழந்தைகளைத் தனியார் பள்ளிக்கு அனுப்பிவிடுகின்றனர். அரசுப் பள்ளியில் எஞ்சியிருக்கும் குழந்தைகளின் பெற்றோர் அன்றாடக் கூலிக்குச் செல்பவர்கள். பள்ளிக்கு வந்து உணவைச் சுவைத்துப் பார்த்துக் கேள்வி கேட்க அவர்களுக்கு நேரமும் இல்லை, துணிவும் குறைவு. இக்கரைப் பள்ளியில் உணவு நன்றாயிருந்தமைக்கு அமைப்பாளரின் ஆர்வம் ஒரு காரணம். அவ்வூர் வார்டு உறுப்பினராகிய அம்மையார் வாரம் ஒரு நாள் வந்து குழந்தைகளுடன் அமர்ந்து உண்பது மற்றொரு காரணம்.

ஊராட்சி மன்றம் செய்யத்தக்கவை

இக்காரணங்களுள் சில அரசால் மட்டுமே தீர்க்கத்தக்கவை. காலிப் பணியிடங்களை நிரப்புவதும், சிறு பள்ளிகளுக்குரிய தொகையைத் தனியே ஆய்ந்து வகுப்பதும் அத்தகையன. அவற்றை வற்புறுத்திக் கிராம சபையில் தீர்மானம் இயற்றி அனுப்புதல் உங்கள் உரிமை. ஏனையவை பெரும்பாலும் ஊராலேயே தீர்க்கத்தக்கவை.

ஒன்று: சேர்ந்து வாங்குதல். அருகருகே உள்ள மூன்று நான்கு சிறு மையங்களின் அமைப்பாளர்கள், வாரம் இரு முறை ஒருவர் மாற்றி ஒருவராகச் சென்று, எல்லா மையங்களுக்கும் சேர்த்துச் சந்தையிலோ உழவர் சந்தையிலோ காய்கறி வாங்கலாம். தனித்தனியே 900 கிராம் வாங்கியவர்கள் சேர்ந்து 4 கிலோ வாங்கும்போது விலையும் குறையும்; வகையும் பெருகும். ஒவ்வொரு மையத்துக்கும் உரிய பட்டியலைத் தனித்தனியே எழுதி வாங்கிக்கொள்ளுதல் மட்டும் இன்றியமையாதது.

இரண்டு: பள்ளித் தோட்டம். பாத்திரம் கழுவும் நீர் வீணே ஓடித் தேங்குவதைப் பல பள்ளிகளில் காண்கிறோம். அந்நீர் பாயும் வழியில் நான்கு முருங்கை, இரண்டு பப்பாளி, கறிவேப்பிலை, சில வாழை நட்டால் போதும். முருங்கைக் கீரை நட்ட ஆண்டிலேயே பறிக்கக் கிடைக்கும். சோப்பு நீரும் எண்ணெய்ப் பிசுக்கும் மிகுதியாயின், நீரை முதலில் ஒரு சரளைக் குழியில் விட்டு வடித்துப் பாய்ச்சுக. கோடை விடுமுறையில் தோட்டத்துக்கு நீர் ஊற்றுவது யார் என்பதை முன்னரே முடிவு செய்துகொள்ள வேண்டும். பள்ளித் தோட்டங்கள் பெரும்பாலும் மே மாதத்திலேயே மடிகின்றன.

மூன்று: உழவரின் பங்கு. அறுவடைக் காலத்தில் விலை வீழ்ந்து, தக்காளியை வயலிலேயே விட்டுவிடும் நிலை உழவர் பலர்க்கும் நேர்கின்றது. அதில் ஒரு கூடையைப் பள்ளிக்கு அளித்தால் அன்றைய தக்காளிச் சாதம் உண்மையிலேயே தக்காளிச் சாதமாகும். குஜராத் மாநிலத்தில் திதி போஜனம் என்னும் பெயரில், குடும்பத்தின் நன்னாள்களில் பள்ளிக் குழந்தைகளுக்குச் சிறப்புணவு அளிக்கும் வழக்கம் உண்டு. காமராசர் காலத்தில் நம் ஊரார் செய்ததும் இதுவே. ஆயின் ஒன்று: அளிக்கும் பொருளைத் தலைமையாசிரியரிடமும் அமைப்பாளரிடமும் காட்டி, பதிவேட்டில் எழுதச் செய்தபின் அளித்தல் வேண்டும். மருந்து தெளித்த காயாயின், தெளித்தபின் காத்திருக்க வேண்டிய நாள்கள் கடந்த பின்னரே பறித்துத் தருக.

நான்கு: தண்ணீரும் கூரையும். குடிநீர்க் குழாய் இணைப்பு, சமையலறைக் கூரைப் பழுது, கழிவுநீர்க் கால்வாய் ஆகியவை ஊராட்சியின் கவனத்துக்குரியவை. தெருவிளக்குக்கு நாம் காட்டும் அக்கறையில் பாதியைப் பள்ளிச் சமையலறைக்குக் காட்டினால் போதும். மூட்டைகளை வைக்கச் சுவரிலிருந்து ஓரடி தள்ளி மரப்பலகை அடுக்கித் தருவதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது.

ஐந்து: அளந்து பார்த்தல். 40 குழந்தைகள் உண்ணும் தொடக்கப் பள்ளி என்று கொள்வோம். ஒன்றிய அரசு வகுத்த அளவின்படி, ஒரு குழந்தைக்கு அரிசி 100 கிராம், பருப்பு 20 கிராம், காய்கறி 50 கிராம், எண்ணெய் 5 கிராம். ஆக, அரிசி 4 கிலோ, பருப்பு 800 கிராம், காய்கறி 2 கிலோ, எண்ணெய் 200 கிராம். நம் மாநிலத்தில் அன்றன்றைய சாதத்துக்கேற்பப் பருப்பும் பயறும் மாறி வருவதால், மையத்துக்கு வழங்கப்பட்டுள்ள பட்டியலையும் அருகில் வைத்துக்கொள்க. காலை பத்து மணியளவில் சென்று, தராசில் ஏற்றும்போது உடனிருந்து பாருங்கள். பகையுணர்ச்சியுடன் அன்று, துணையாக நின்று பாருங்கள். உண்ணும் நேரத்தில் தலைகளையும் எண்ணுங்கள். வராத குழந்தைக்கு வருகை எழுதப்படுமாயின், அது வந்த குழந்தையின் தட்டிலிருந்து எடுத்த பங்கே ஆகும்.

ஆறு: உண்டு பார்த்தல். குழந்தைகளுக்குப் பரிமாறுவதற்கு முன்பு ஆசிரியர் ஒருவரேனும் உணவைச் சுவைத்துப் பார்த்தல் வேண்டும் என்று பகலுணவுக்கான ஒன்றிய அரசின் வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. பள்ளி மேலாண்மைக் குழுவில் ஊராட்சி உறுப்பினர்களுக்கும் பெற்றோர்க்கும் இடம் உண்டு. அக்குழுவினர் முறைவைத்து, வாரம் ஒருவராக வந்து குழந்தைகளுடன் அமர்ந்து அதே தட்டில் அதே உணவை உண்ண வேண்டும். நாற்பது பதிவேடுகள் சொல்லாததை நான்கு கவளம் சொல்லிவிடும்.

சமையலில் சில நுட்பங்கள்

நம் சமையற் பணியாளர்களுக்குச் சில குறிப்புகள் பயன்படும். காய்கறியைக் கழுவிய பின்னரே நறுக்குக. நறுக்கியபின் கழுவினால் சத்து நீரோடு போகும். அரிசியைப் பல முறை கசக்கிக் கழுவுதலும், கஞ்சியை வடித்துக் கொட்டுதலும் உயிர்ச்சத்தை இழக்கச் செய்யும். ஆதலின் நீரை அளந்து வைத்துச் சுண்டச் சமைத்தல் நன்று. அயோடின் கலந்த உப்பைச் சமையலின் இறுதியில் சேர்க்க. கீரையை நெடுநேரம் கொதிக்க விடற்க. முட்டையை வேக வைக்குமுன் நீரிலிட்டுப் பார்க்க. அடியில் படிவது நல்லது, மேலே மிதப்பதை அகற்றிவிடுக. இவற்றுக்குக் காசு வேண்டுவதில்லை. கருத்து ஒன்றே வேண்டும்.

மறக்கலாகாத இரு நிகழ்ச்சிகள்

உணவின் சுவையினும் மேலானது அதன் பாதுகாப்பு. 2004-ஆம் ஆண்டு ஜூலை 16-இல் கும்பகோணத்தில், பள்ளியின் சமையற்கூடத்துத் தீ கீற்றுக் கூரைக்குப் பரவி 94 குழந்தைகள் மாண்டனர். 2013-ஆம் ஆண்டு அதே ஜூலை 16-இல், பீகார் மாநிலம் சாரண் மாவட்டத்துக் கண்டாமன் என்னும் சிற்றூரில், பகலுணவை உண்ட குழந்தைகளுள் 23 பேர் மாண்டனர். சமையலுக்குப் பயன்பட்ட எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிமருந்து கலந்திருந்தமை பின்னர்த் தெரியவந்தது. அம்மருந்தின் பெயர் உழவர் பெருமக்களாகிய உங்களுக்குப் புதியதன்று. ஆகவே, பூச்சிமருந்தும் உரமும் சமையற் பொருள்களுடன் ஒரே அறையில் ஒரு பொழுதும் வைக்கப்படலாகாது. மருந்து இருந்த குப்பியையோ வாளியையோ, எத்தனை முறை கழுவினாலும், எண்ணெய்க்கோ தண்ணீருக்கோ பயன்படுத்தலாகாது. சமையற்கூடத்தின்மேல் கீற்றுக் கூரை இருத்தலாகாது. விறகை அடுப்பின் அருகில் குவித்தலும் கூடாது.

ஒரே பந்தி

மற்றொன்றையும் மறைக்காமல் கூறுதல் என் கடமை. சில ஊர்களில் உணவு நன்றாயிருந்தும் குழந்தைகள் உண்பதில்லை. காரணத்தை ஆராய்ந்தால், சமைப்பவர் ஆதிதிராவிட வகுப்பினர் என்பதற்காகப் பெற்றோர் சிலர் தடுத்தமை வெளிப்படுகின்றது. உச்ச நீதிமன்றம் 2004-ஆம் ஆண்டு ஏப்ரல் மாத ஆணையில், சமையற் பணிகளில் பட்டியல் வகுப்பினர்க்கும் பழங்குடியினர்க்கும் முன்னுரிமை அளிக்க அறிவுறுத்தியது. தீண்டாமை சட்டப்படி குற்றம் என்பதை நாம் யாவரும் அறிவோம். சட்டம் ஒருபுறமிருக்க, ஒரு குழந்தையின் கையிலுள்ள கவளத்தைத் தட்டிவிடும் உரிமை எவர்க்கும் இல்லை. இத்தகைய ஊரில் ஊராட்சித் தலைவரும் உறுப்பினர்களும் செய்யத்தக்கது ஒன்றே: முதற் பந்தியில் குழந்தைகளுடன் தாமும் அமர்ந்து, அச்சமையலர் கையால் வாங்கி உண்ணுதல். ஆயிரம் சொற்பொழிவுகள் செய்யாததை அப்பந்தி செய்யும்.

நிறைவாக

அக்கரைப் பள்ளியைப் பற்றிக் கூறாமல் முடித்தல் முறையன்று. அருகிலுள்ள மூன்று மையங்களுடன் சேர்ந்து காய்கறி வாங்கும் ஏற்பாடு அங்கே செய்யப்பட்டது. ஊராட்சி, குழாயைச் சமையலறை வாயில் வரை நீட்டித் தந்தது. முருங்கை நட்டுள்ளனர். அமைப்பாளர் பணியிடம் இன்னும் நிரம்பவில்லை. உணவும் இக்கரைப் பள்ளிக்கு ஈடாகிவிட்டது என்று சொல்வதற்கில்லை. ஆயினும், அண்மையில் சென்றபோது சாம்பாரில் மூன்று வகைக் காய்கள் இருந்தன. வேப்பமரத்தடியில் சிந்திய சோறு சிறிதே. அன்று நானும் குழந்தைகளுடன் அமர்ந்து உண்டேன். அதன் பின்னரே பதிவேட்டில் கையொப்பமிட்டேன்.

அரசு அனுப்பும் அரிசி எல்லாப் பள்ளிகளுக்கும் ஒன்றாகவே வந்து சேர்கின்றது. அதனை நல்லுணவாக்குவதும் நாய்க்குணவாக்குவதும் பெரும்பாலும் ஊரின் கையில் உள்ளன. அடுத்த கிராம சபை கூடுமுன், உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் ஊர்ப் பள்ளியில் ஒரு நாள் பகலுணவு உண்டு வருதல் வேண்டும். பிறகு, பக்கத்து ஊர்ப் பள்ளியிலும் ஒரு நாள் உண்டு பாருங்கள். இரண்டுக்கும் வேற்றுமை இருப்பின், அதன் காரணத்தைக் கிராம சபையில் எடுத்துரையுங்கள். எந்தப் பள்ளியில் பயின்றாலும் குழந்தையின் பசி ஒன்றே; தட்டும் ஒன்றாகவே இருக்கட்டும்.